அப்பா எப்போது வருவார்?

கொரோனா காலத்தில் சொன்ன பொய். இன்று பிள்ளை கேட்கும் கேள்வி

வாசலில் சைக்கிள் நிற்கிறது. கொடியில் சட்டை தொங்குகிறது. அலமாரியில் மூக்குக் கண்ணாடி இருக்கிறது. அப்பாவை மட்டும் காணோம்.

"அம்மா, அப்பா எப்போது வருவார்?"

நான்கு வயதுப் பையன் கேட்கிறான். தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். பாட்டி முந்திக்கொண்டு பதில் சொல்கிறாள்:

"அப்பா ஊருக்குப் போயிருக்கிறாரடா கண்ணு. சீக்கிரம் வந்துவிடுவார்!"

இது ஒரு வீட்டில் மட்டும் நடந்தது அல்ல. 2020, 2021 ஆகிய ஆண்டுகளில், கொரோனா நோய் நாட்டை ஆட்டிப் படைத்தபோது, எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் நடந்தது.

அந்தப் பொய்யைச் சொல்வது அப்போது சுலபமாகவும் இருந்தது. அப்பா ஆம்புலன்சில் ஏறிப் போனார். ஆஸ்பத்திரிக்குள் யாரையும் விடவில்லை. இறந்தவரின் உடலைப் பையில் வைத்துக் கட்டி, நேராகச் சுடுகாட்டுக்கோ இடுகாட்டுக்கோ கொண்டு போனார்கள். வீட்டு வாசலில் பந்தல் போடவில்லை. சங்கு ஊதவில்லை. ஊர் கூடி அழவில்லை.

குழந்தை எதையும் பார்க்கவில்லை. அது பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: அப்பா வண்டியில் ஏறிப் போனதை!

போனவர் திரும்பி வரவேண்டும் அல்லவா? குழந்தை காத்திருந்தது.

2021-ம் ஆண்டில் மூன்று வயது, நான்கு வயதாக இருந்த பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்துவிட்டது. "உன் அப்பா எங்கேடா?" என்று பக்கத்துப் பையன் கேட்கிறான். அன்று பாட்டி சொன்ன பதில் இன்று செல்லாது.

ஒன்றரை லட்சம் பிள்ளைகள்

இப்படிப் பெற்றோரை இழந்த பிள்ளைகள் எத்தனை பேர்?

தேசிய குழந்தைகள் உரிமை பாதுகாப்பு கமிஷன், 2022-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு கணக்குக் கொடுத்தது. 2020 ஏப்ரல் மாதத்தில் இருந்து அதுவரை தாயையோ, தந்தையையோ, இருவரையுமோ இழந்த குழந்தைகள், இந்தியாவில் 1 லட்சத்து 47 ஆயிரத்து 492 பேர். கொரோனாவால் இறந்தவர்களின் பிள்ளைகள் மட்டும் அல்ல. அந்தக் காலத்தில் வேறு காரணங்களால் பெற்றோரை இழந்தவர்களும் இதில் அடக்கம்.

இவர்களில் தாய், தந்தை இருவரையும் இழந்தவர்கள் 10 ஆயிரத்து 94 பேர். ஒருவரை மட்டும் இழந்தவர்கள் 1 லட்சத்து 36 ஆயிரத்து 910 பேர். மீதி 488 பேர் கைவிடப்பட்ட குழந்தைகள்.

அரசாங்கங்கள் உதவிக்கு வந்தன. இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 23 வயதாகும்போது 10 லட்சம் ரூபாய் கிடைக்கும்படி ஒரு திட்டத்தை மத்திய அரசு 2021 மே மாதம் அறிவித்தது. அதே மாதத்தில் தமிழ்நாடு அரசும் உதவியை அறிவித்தது. இருவரையும் இழந்த பிள்ளையின் பெயரில் 5 லட்சம் ரூபாய் டெபாசிட். ஒருவரை இழந்த பிள்ளை என்றால், உயிரோடு இருக்கும் தாய் அல்லது தந்தைக்கு 3 லட்சம் ரூபாய். பிறகு 2025 செப்டம்பரில், பெற்றோரை இழந்த ஏழைப் பிள்ளைகளுக்கு மாதம் 2 ஆயிரம் ரூபாய் கொடுக்கும் 'அன்புக் கரங்கள்' திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கியது.

பணம் தேவைதான். சம்பாதித்தவர் போன வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். பிள்ளை படிக்க வேண்டும். ஆனால், "அப்பா எப்போது வருவார்?" என்ற கேள்விக்கு எந்த அரசாங்கமும் பதில் சொல்ல முடியாது. அந்தப் பதிலை வீட்டில் உள்ளவர்கள்தான் சொல்ல வேண்டும்.

எந்த வயதில் என்ன புரியும்?

"சின்னப் பிள்ளை. அதற்கு என்ன தெரியும்?" என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

உண்மையில் அதற்கு என்ன தெரியும்?

ஹங்கேரி நாட்டில் புடாபெஸ்ட் என்ற நகரம் இருக்கிறது. அங்கே மரியா நாகி என்ற அம்மையார் இதை ஆராய்ந்தார். 3 வயது முதல் 10 வயது வரை உள்ள 378 பிள்ளைகளிடம் சாவைப் பற்றி விசாரித்தார். அதன் முடிவு 1948-ம் ஆண்டில் வெளிவந்தது.

5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், சாவு என்றால் ஒரு தூக்கம் அல்லது ஒரு பயணம் என்று நினைத்தார்கள். தூங்கியவர் எழுந்திருக்கலாம், பயணம் போனவர் திரும்பலாம். 5 வயதுக்கு மேற்பட்டவர்கள், சாவு என்பது ஓர் ஆள் வந்து பிடித்துக்கொண்டு போவது என்று நினைத்தார்கள். ஓடி ஒளிந்தால் தப்பிக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். 9 வயதுக்கு மேல்தான், சாவு எல்லோருக்கும் வரும், போனவர் திரும்ப மாட்டார் என்பது தெளிவாகப் புரிந்தது.

பிற்கால ஆராய்ச்சிகள் இந்த வயதைக் கொஞ்சம் குறைத்திருக்கின்றன. பல பிள்ளைகளுக்கு 5 வயதில் இருந்து 7 வயதுக்குள்ளேயே இது புரிந்துவிடுகிறது என்று அவை கூறுகின்றன.

நான்கு வயதுப் பிள்ளை ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான். அது பிடிவாதம் அல்ல. "அப்பா இறந்துவிட்டார்" என்று காலையில் சொல்லியிருப்பார்கள். மாலையில், "சரி, நாளைக்கு வருவாரா?" என்று கேட்கும். எரிந்து விழக்கூடாது. அதே பதிலை, அதே அன்போடு, எத்தனை முறை கேட்டாலும் சொல்ல வேண்டும்.

இனிப்பான பொய்

பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்று பெரியவர்கள் பொய் சொல்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் பொய் என்ன செய்கிறது?

"ஊருக்குப் போயிருக்கிறார்" என்றால், சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாரே என்ற கோபம் பிள்ளைக்கு வரும். பிறகு அம்மா கடைக்குப் போனாலும் காலைக் கட்டிக்கொண்டு அழும். ஊருக்குப் போகிறவர்கள் திரும்புவதில்லை என்று அது கற்றுக்கொண்டுவிட்டது!

"தூங்குகிறார்" என்றால், பிள்ளை தூங்கப் பயப்படும். விளக்கை அணைக்க விடாது.

"நல்லவர் என்று சாமி அழைத்துக்கொண்டார்" என்றால், சாமிமேல் கோபம் வரும். அம்மாவும் நல்லவள்தானே, அவளையும் அழைத்துக்கொள்வாரோ என்ற பயமும் வரும். மோட்சம், சொர்க்கம், மறுமை என்று அவரவர் மதத்தில் உள்ள நம்பிக்கையைப் பிள்ளைக்குச் சொல்வதில் தவறு இல்லை. ஆனால், இறந்துவிட்டார் என்ற உண்மையை முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகு சொல்ல வேண்டும்.

"காய்ச்சல் வந்தது, இறந்துவிட்டார்" என்று மட்டும் சொன்னால், அடுத்த முறை தனக்குக் காய்ச்சல் வரும்போது பிள்ளை நடுங்கும். எல்லாக் காய்ச்சலும் ஆளைக் கொல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிறகு எப்படித்தான் சொல்வது? எளிய சொற்களில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, இப்படிச் சொல்லலாம்:

"அப்பாவுக்கு ரொம்பப் பெரிய நோய் வந்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை. டாக்டர்கள் என்னென்னவோ மருந்து கொடுத்தார்கள். குணமாகவில்லை. அப்பா இறந்துவிட்டார். இறந்துவிட்டால் மூச்சு இருக்காது. பசிக்காது. வலிக்காது. திரும்பி வரவும் முடியாது. எனக்கும் அழுகை வருகிறது. ஆனால் நான் உன்னோடு இருக்கிறேன். பாட்டி இருக்கிறாள். மாமா இருக்கிறார். உன்னை நாங்கள் பார்த்துக்கொள்வோம்."

"வலிக்காது" என்ற சொல் முக்கியம். உடலை எரித்தார்கள், மண்ணில் புதைத்தார்கள் என்பது எப்படியும் பிள்ளையின் காதில் விழும். அப்பாவுக்குச் சுட்டிருக்குமே, மூச்சு முட்டியிருக்குமே என்று அது தனக்குள் தவிக்கும்.

என்னால்தானோ?

பிள்ளைகளின் மனத்தில் இன்னொரு முள் தைத்திருக்கும். பெரியவர்கள் அதைக் கவனிப்பது இல்லை.

"அப்பாவிடம் சண்டை போட்டேன். அதனால்தான் போய்விட்டாரோ?" "எனக்குத்தானே முதலில் சளி பிடித்தது? என்னிடம் இருந்துதான் அவருக்கு ஒட்டிக்கொண்டதோ?"

இப்படி நினைக்கும் பிள்ளை அதை வாய் விட்டுச் சொல்லாது. கேட்காமலே பெரியவர்கள் சொல்லிவிட வேண்டும்: "நீ நினைத்ததாலோ, பேசியதாலோ, செய்ததாலோ அப்பா இறக்கவில்லை. உன்மேல் எந்தக் குற்றமும் இல்லை."

ஆனால் நம் வீடுகளில் சில சமயம் என்ன நடக்கிறது? "இது பிறந்த நேரம், அப்பனை முழுங்கிவிட்டது" என்று உறவுக்காரர் ஒருவர் பேசுகிறார். துக்கத்தில் வந்த பேச்சுத்தான். ஆனால் பிள்ளை அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும். அப்படிப் பேசும் வாயை வீட்டில் மூத்தவர்கள் அந்த நிமிஷமே அடக்க வேண்டும்.

அழாத பிள்ளை

சாவு வீட்டில் பிள்ளை கொஞ்ச நேரம் அழும். பிறகு தெருவில் பந்து விளையாடும். "பார்த்தாயா, இதற்கு ஒன்றும் இல்லை" என்பார்கள்.

அப்படி இல்லை. பெரியவர்களின் துக்கம் மழைக்காலம் போல நாள் முழுவதும் பிடித்துக்கொள்ளும். பிள்ளையின் துக்கம் கோடை மழை. சட்டென்று கொட்டும், சட்டென்று நிற்கும், மறுபடியும் கொட்டும். விளையாட்டு அதற்கு ஓய்வு. திட்டக்கூடாது.

துக்கம் வேறு வடிவத்திலும் வரும். காரணம் இல்லாமல் வயிற்று வலி, தலைவலி. நின்றுபோன படுக்கை நனைக்கும் பழக்கம் மறுபடியும் வரும். விரல் சூப்பும். தம்பி தங்கையை அடிக்கும். இவையும் அழுகைதான்.

அரண்மனையிலும் அதே கதை

காசு பணம் இருந்தால் இந்தத் துக்கம் குறைந்துவிடுமா?

இங்கிலாந்து இளவரசி டயானா 1997-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி பாரிஸ் நகரில் கார் விபத்தில் இறந்தார். இளைய மகன் ஹாரிக்கு அப்போது 12 வயது. ஒரு வாரம் கழித்து, தாயின் சவப்பெட்டிக்குப் பின்னால், உலகமே பார்க்க, அந்தச் சிறுவன் நடந்து போனான். அழவில்லை.

அவனிடம் யாரும் பொய் சொல்லவில்லை. தந்தையே உண்மையைச் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அதைப் பற்றி மனம் விட்டுப் பேச ஆள் இல்லை. தாய் சாகவில்லை, எங்கோ ஒளிந்திருக்கிறாள், ஒரு நாள் வருவாள் என்று அவன் பல ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தான். 23 வயதில் பாரிசுக்குப் போனான். தாய் இறந்த சுரங்கப் பாதையில், அந்தக் கார் போன வேகத்திலேயே தன் காரையும் ஓட்டச் சொன்னான். அவள் உண்மையிலேயே இறந்துவிட்டாள் என்று மனத்துக்கு நிரூபிக்க அவனுக்கு அது தேவைப்பட்டது. 28 வயதில்தான் மனநல நிபுணரின் உதவியை நாடினான். இவை எல்லாம் ஹாரியே பின்னாளில் பேட்டிகளிலும், 2023-ல் வெளிவந்த தன் வரலாற்று நூலிலும் சொன்னவை.

12 வயதுப் பிள்ளைக்கே இந்த நிலை என்றால், அப்பா வண்டியில் ஏறியதை மட்டும் பார்த்த நான்கு வயதுப் பிள்ளையின் நிலை என்ன? உண்மையை ஒரு முறை சொன்னால் போதாது. அதைப் பற்றிப் பல முறை பேசவும் வேண்டும்.

நாகப்பட்டினம் கற்ற பாடம்

தமிழ்நாட்டுக்கு இந்தத் துக்கம் புதிது அல்ல.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில், சுனாமி அலை வந்தது. தமிழ்நாட்டில் சுமார் 8 ஆயிரம் பேர் மாண்டார்கள். அவர்களில் சுமார் 6 ஆயிரம் பேர் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். உடல்களை அவசர அவசரமாகப் புதைத்தார்கள். பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காத பிள்ளைகள் பலர்.

பெங்களூர் 'நிம்ஹான்ஸ்' மனநல ஆஸ்பத்திரியின் நிபுணர்கள் வந்தார்கள். உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஆற்றுப்படுத்தும் வழி எளிமையானது. பிள்ளைகளைப் படம் வரைய விட்டார்கள். விளையாட விட்டார்கள். கதை சொன்னார்கள், கதை சொல்லவும் விட்டார்கள். வாயால் சொல்ல முடியாததைப் பிள்ளைகள் கையால் வரைந்தார்கள். அலையை வரைந்தார்கள்.

நாகப்பட்டினத்தில் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக அன்னை சத்யா அரசு காப்பகம் நடந்தது. சுனாமிக்குப் பிறகு அந்த மாவட்டத்தில் கலெக்டராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணன், வேறு வேறு பதவிகளுக்கு மாறிப் போன பிறகும் அந்தப் பிள்ளைகளைப் போய்ப் பார்த்துவந்தார். 20 ஆண்டுகள் கழித்தும், அங்கே வளர்ந்த பெண்ணின் திருமணத்தில் முன்னால் நின்றார்.

வந்து போகிறவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும், விட்டுப் போகாத ஒருவர் இருப்பது பிள்ளைக்குப் பெரிய பலம். அது தாயாக இருக்கலாம். தாத்தாவாக, அத்தையாக, ஆசிரியராகவும் இருக்கலாம்.

தாய் தேறினால் பிள்ளை தேறும்

அமெரிக்காவில் பாஸ்டன் நகரைச் சுற்றியுள்ள 70 குடும்பங்களில், தாயையோ தந்தையையோ இழந்த 125 பிள்ளைகளை இரண்டு ஆண்டுகள் கவனித்து வந்தார்கள். வோர்டன், சில்வர்மேன் என்ற இரண்டு அறிஞர்கள் நடத்திய ஆராய்ச்சி இது.

அதில் தெரிந்தது என்ன? பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிட்டார்கள். யார் தேறினார்கள், யார் தேறவில்லை என்பது பெரும் அளவுக்கு ஒரே விஷயத்தைப் பொறுத்திருந்தது. உயிரோடு இருக்கும் தாயோ தந்தையோ எப்படி இருக்கிறார் என்பதே அது. சில பிள்ளைகளுக்கு முதல் ஆண்டில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் ஆண்டில்தான் தொல்லை தலைகாட்டியது.

நம் நாட்டுக் கணக்கை மறுபடியும் பாருங்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 92 பேருக்கு மேல், ஒருவரை மட்டும் இழந்தவர்கள். ஆகவே பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்றால், முதலில் அந்தத் தாயைக் காப்பாற்ற வேண்டும். அவளை மூலையில் உட்கார வைப்பதும், நல்ல காரியங்களில் இருந்து ஒதுக்குவதும் பிள்ளைக்குச் செய்யும் கெடுதல். அவள் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும், சிரிக்கவும் வேண்டும். மனைவியை இழந்த தந்தையின் நிலையும் அதுதான். "ஆம்பிளை அழலாமா?" என்று அவர் வாயை அடைக்கக்கூடாது.

பிள்ளைக்கு முன்னால் தாய் அழலாமா? அழலாம். அழுத பிறகு, "அப்பா நினைவு வந்தது, அழுதேன். இப்போது சரியாகிவிட்டது. வா, சாப்பிடலாம்" என்று சொல்ல வேண்டும். அழுவது தவறு அல்ல, அழுத பிறகு எழுந்திருக்கலாம் என்பதை அப்போதுதான் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

மூத்த மகனிடம், "இனிமேல் நீதான் இந்த வீட்டுக்கு ஆம்பிளை" என்று சொல்லும் வழக்கமும் இருக்கிறது. பத்து வயதுப் பையனின் தோளில் ஒரு குடும்பத்தை ஏற்றிவைப்பது நியாயமா? அவன் பிள்ளையாகவே இருக்கட்டும்.

பள்ளிக்கூடத்தில்

கொள்ளி வைத்த பையன் மொட்டைத் தலையோடு பள்ளிக்கூடம் வருகிறான். வகுப்பே அவனைத் திரும்பிப் பார்க்கிறது. அவன் வருவதற்கு முன்பே ஆசிரியர் மற்றப் பிள்ளைகளிடம் இரண்டு வார்த்தை சொல்லிவைத்தால், கேலி இருக்காது. "அப்பா கையெழுத்து வாங்கி வா" என்பதற்குப் பதிலாக, "வீட்டில் கையெழுத்து வாங்கி வா" என்று ஆசிரியர் சொன்னால், அந்தப் பையன் தலை குனிய வேண்டியது இல்லை.

வழக்கமான வேலைகள் நிற்கக்கூடாது. அதே நேரத்தில் குளியல், அதே நேரத்தில் சாப்பாடு, அதே பள்ளிக்கூடம். வீடே இடிந்துவிடவில்லை என்று பிள்ளைக்குத் தைரியம் சொல்வது இந்தச் சின்னச் சின்ன வழக்கங்கள்தான்.

எப்போது டாக்டரிடம் போவது?

துக்கம் ஒரு நோய் அல்ல. ஆனால் சில பிள்ளைகளுக்கு அது ஆறாத புண்ணாகிவிடும். ஆறு மாதத்துக்கு மேலாகியும் பிள்ளை சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் சேராமல், படிப்பில் மனம் செல்லாமல் இருந்தால், டாக்டரிடம் காட்ட வேண்டும். "நானும் அப்பாவிடம் போகிறேன்" என்று சொன்னால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக்கூடாது.

அரசு ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022-ம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' என்ற இலவசத் தொலைபேசிச் சேவையின் எண் 14416. தமிழிலேயே பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

இன்று சொல்லலாமா?

"அன்று பொய் சொல்லிவிட்டோம். இத்தனை ஆண்டுகள் கழித்து எப்படி மாற்றிச் சொல்வது?" என்று சில தாய்மார்கள் தவிப்பார்கள்.

சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும். வெளியில் யாரோ சொல்லித் தெரிந்துகொள்வதற்கு முன் அம்மா சொல்வது நல்லது. "நீ அப்போது ரொம்பச் சின்னப் பிள்ளை. எனக்கும் சொல்லத் தைரியம் இல்லை. அதனால் ஊருக்குப் போயிருக்கிறார் என்றோம். அது தப்பு. அப்பா இறந்துவிட்டார். நீ என்ன கேட்டாலும் இனிமேல் உண்மையைச் சொல்வேன்" என்றால் போதும். பிள்ளை கோபப்படலாம். பல நாள் பேசாமல் இருக்கலாம். பொறுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அதற்கு முன்பே பாதி தெரிந்திருக்கும்.

அதன் பிறகு, பெட்டிக்குள் ஒளித்துவைத்த படத்தை எடுத்துச் சுவரில் மாட்டலாம். அப்பா எப்படிச் சிரிப்பார், எந்தக் குழம்பு அவருக்குப் பிடிக்கும், பிள்ளை பிறந்த அன்று என்ன செய்தார் என்று சொல்லலாம். திதி நாளில் விளக்கை ஏற்றச் சொல்லலாம். கல்லறைத் திருநாளில் பூ வைக்கச் சொல்லலாம். கபருஸ்தானுக்கு அழைத்துப் போகலாம். கூட வருவதும் வராததும் பிள்ளையின் விருப்பம்.

அப்பா வரமாட்டார் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். வாசலைப் பார்த்துக் காத்திருப்பது நிற்கும். பிறகு கேள்வியும் மாறும்.

"அம்மா, அப்பா எப்படி இருப்பார்? சொல்லேன்!"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அம்மாவுக்கு எவ்வளவோ இருக்கிறது.